கலிலியோஸ்கோப்: எல்லோரும் கழற்றி வைத்துவிடும் அந்த 17 மடங்கு லென்ஸுக்காக வாங்கலாம்

ஐ.நா. சர்வதேச வானியல் ஆண்டாக அறிவித்த 2009-இல், 15 டாலர் விலையில் வெளிவந்த சிறு தொலைநோக்கி கலிலியோஸ்கோப். பாகங்களாக வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு விலை ஏறிவிட்டது, எப்போது தேடினாலும் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் பள்ளியில் வரலாறோ அறிவியலோ நடத்துகிறவர்கள் தேடிப்பிடித்து வாங்கலாம்.

முன்பக்க லென்ஸ் 50 மி.மீ விட்டம், குவியத் தொலைவு 500 மி.மீ. கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் தொகுதியான 20 மி.மீ ஐபீஸைப் போட்டால் 25 மடங்கு பெரிதாகத் தெரியும். கூட வரும் பார்லோ லென்ஸை (பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் குழிலென்ஸ்) சேர்த்தால் 50 மடங்கு. அதே பார்லோவைத் தனியாகக் கண்பக்கம் வைத்தால் கலிலியோ பயன்படுத்திய குழிலென்ஸ் அமைப்பு கிடைக்கும்: 17 மடங்கு, நேரான பிம்பம். மற்ற இரண்டிலும் பிம்பம் தலைகீழ்தான். அது வானியலாளர் கெப்ளர் 1611-இல் விளக்கிய அமைப்பு.

பூட்டுவதற்குப் பசையும் வேண்டாம், கருவியும் வேண்டாம். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த குழாய், நடுவில் லென்ஸ், மேலே ரப்பர் வளையங்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தவறு நேரும் இடம் பெரிய லென்ஸ் அல்ல, ஐபீஸுக்குள் போகும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் லென்ஸ்கள். எந்தப் பக்கம் வளைவு என்று படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அடுக்கினால் பிம்பம் கடைசிவரை மங்கலாகவே இருக்கும். ஃபோகஸை எவ்வளவு இழுத்தாலும் சரியாகாது. விரல்ரேகை படாமல் விளிம்பில் மட்டும் பிடியுங்கள். பிளாஸ்டிக்கைச் சட்டைத் துணியால் துடைத்தால் கீறல் விழும், பிறகு போகாது.

ட்ரைபாட் தனியாக வாங்க வேண்டும். சாதாரண கேமரா ட்ரைபாட் திருகு அடியில் பொருந்தும். மெலிந்த கால்கள் உள்ள ட்ரைபாட் என்றால் கால்களை நீட்டாமல், உட்கார்ந்து பாருங்கள். 50 மடங்கில் குழாயைத் தொட்டதும் வானமே ஆடும். ஃபோகஸுக்குப் பற்சக்கரம் கிடையாது, உள்குழாயை முறுக்கியபடி இழுக்க வேண்டும். பகலில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுர உச்சியையோ செல்போன் டவரையோ ஃபோகஸ் செய்து, உள்குழாயில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் இரவில் தடவ வேண்டியதில்லை. உச்சிவானத்துக்கு அருகில் உள்ளதைப் பார்க்கக் கழுத்து வலிக்கும். வியாழன் 30 முதல் 45 பாகை உயரத்தில் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

25 மடங்கில் வியாழனின் நான்கு நிலவுகளும் சிரமமில்லாமல் தெரியும். இந்த விலைக்கு அது நல்ல காட்சிதான். ஆனால் எந்தச் சிறு தொலைநோக்கியும் அதைக் காட்டிவிடும். இந்தக் கருவியின் உண்மையான மதிப்பு, பெரும்பாலோர் ஒருமுறை மாட்டிவிட்டு "ஒண்ணுமே தெரியல" என்று கழற்றி வைக்கும் 17 மடங்கு அமைப்பில் இருக்கிறது.

அதில் ஏன் தெரியவில்லை? குழிலென்ஸ் அமைப்பில் பார்வைப்புலம் மிகக் குறுகியது, கண்மணியின் அகலத்தையும் பொறுத்தது. கலிலியோவின் 20 மடங்குக் கருவியில் நிலவின் பாதி அளவுதான் ஒரே சமயத்தில் அடங்கியது. வியாழன் உள்ளே வந்தாலும் பூமி சுழல்வதால் ஒரு நிமிடத்துக்குள் நழுவிவிடும். கண்ணை லென்ஸுக்கு ஒட்டி, நடுவில் வைத்தாக வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் கழற்றிவிட்டு ஃபோகஸை மறுபடி சரிசெய்ய வேண்டும். குழிலென்ஸ் குவியப்புள்ளிக்கு முன்னாலேயே நிற்க வேண்டும் என்பதால் 25 மடங்குக்குப் போட்ட பென்சில் கோடு இதற்கு உதவாது. தனிக் கோடு போடுங்கள். இருட்டில் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிவிட்டுப் பாருங்கள்.

இந்தச் சிரமத்தை மாணவர்கள் அனுபவித்த பிறகு 1610-ஐச் சொல்லிக்கொடுங்கள். ஜனவரி 7 அன்று கலிலியோ வியாழனருகே மூன்று புள்ளிகளைக் கண்டார்: கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. மறுநாள் மூன்றும் மேற்கே. 13-ஆம் தேதி நான்கு. ஏப்ரலில் இத்தாலியின் பொலோஞ்யா நகரில் கணிதப் பேராசிரியர் மஜினியின் வீட்டுக்குக் கருவியைக் கொண்டுபோய் அறிஞர்களிடம் காட்டினார். அவர்களுக்கு நிலவுகள் தெளிவாகப் பிடிபடவில்லை. தரையில் அற்புதமாக வேலை செய்கிறது, வானத்தில் ஏமாற்றுகிறது என்று அங்கிருந்த மஜினியின் உதவியாளர் மார்ட்டின் ஹோர்க்கி கெப்ளருக்கு எழுதினார். பாடப்புத்தகங்கள் இதைப் பழமைவாதிகளின் பிடிவாதம் என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. 17 மடங்கில் கண்ணை வைத்துத் தடுமாறிய எந்தப் பிள்ளையும் அப்படிச் சொல்லாது. அதே ஆண்டின் ஆகஸ்டு, செப்டம்பரில் கெப்ளர் தாமே பார்த்து உறுதி செய்தார். ஆண்டு முடிவதற்குள் ரோமின் இயேசு சபைக் கல்லூரியில் வயதான கணித அறிஞர் கிளாவியஸும் ஒப்புக்கொண்டார். கருவியும் கண்ணும் பழகப் பழகத்தான் உண்மை நிலைபெற்றது.

வெள்ளியையும் இதே பாடத்தில் சேர்க்கலாம். அது பூமிக்கு அருகில் வந்து பிறையாகத் தேயும் வாரங்களில் 25 மடங்கே போதும். முழு இருட்டு வரும்வரை காத்திராமல் மாலை வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே பாருங்கள், கண்கூச்சம் குறையும். இங்கே ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளியின் முழுமையான பிறைச் சுழற்சி, எல்லாம் பூமியையே சுற்றுகின்றன என்ற தாலமியின் அமைப்பை வீழ்த்தியது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை நிரூபிக்கவில்லை. கோள்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றும் டைக்கோ பிராஹேயின் அமைப்பும் அதற்குப் பொருந்தும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் நூலை 1616-இல் திருச்சபை நிறுத்திவைத்ததையும், அதை ஆதரித்த கலிலியோவுக்கு 1633-இல் தண்டனை கிடைத்ததையும் இந்த நுணுக்கம் இல்லாமல் நடத்தினால் அது வெறும் வில்லன் கதையாகிவிடும். பூமி சுற்றுவதால் விண்மீன்கள் சற்றே இடம்மாறித் தெரிவதை (இடமாறு தோற்றம்) வானியலாளர் பெஸ்ஸல் அளந்து வெளியிட்டதே 1838-இல்தான்.

குறைகளும் உண்டு. பெரிய லென்ஸ் இரண்டு வகைக் கண்ணாடிகளால் ஆன நிறப்பிழை நீக்கிய லென்ஸ். அது 18-ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. கலிலியோ கண்ட நிற விளிம்புகளை இது காட்டாது. அவர் தம் லென்ஸை அட்டையால் மறைத்துச் சுருக்கியதைச் செய்து பார்க்க, 20 மி.மீ துளையிட்ட கருப்பு அட்டையை முன்னால் ஒட்டுங்கள். ஒளி எவ்வளவு குறைகிறது என்பதாவது புரியும். சனியின் வளையத்துக்கு 50 மடங்கு வேண்டும், அப்போதும் அது மிகச் சிறிதாகவே தெரியும்.

முன்பக்கம் முழுவதையும் மூடும் சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியனை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள். பார்வை போய்விடும். திரையில் விழவைத்துப் பார்க்கலாம் என்று முயன்றாலும் பிளாஸ்டிக் ஐபீஸ் உருகும். பகலில் குழந்தைகள் கையில் தனியாகக் கொடுக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பழைய செட் வாங்குவதாக இருந்தால், குழாயில் கீறல் இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். சின்ன லென்ஸ்களை எண்ணிப் பாருங்கள்: ஐபீஸுக்கு நான்கு, பார்லோவுக்கு இரண்டு. பார்லோ இல்லாத செட்டை வாங்காதீர்கள்.