நனைப்பதா, தெளிப்பதா, ஆவி காட்டுவதா? பின்னி முடித்த பிறகு எந்த நூலுக்கு எந்த முறை

ஸ்வெட்டரின் ஒரு கை மற்றதைவிடக் குட்டையாகத் தெரிகிறது, சால்வையின் பூவேலை சுருங்கிக் கிடக்கிறது, கிரானி ஸ்கொயர்கள் (குரோஷேயில் பின்னும் சதுரத் துண்டுகள்) ஒன்றோடு ஒன்று பொருந்த மறுக்கின்றன. இதற்கெல்லாம் பின்னிய கையை மட்டும் குறை சொல்ல முடியாது. பின்னியதை அளவுக்கு விரித்து, படியவைத்து, அப்படியே நிலைக்கச் செய்யும் பிளாக்கிங் வேலை நடக்காமல் போயிருக்கலாம். நூலுக்கு ஒவ்வாத முறையில் நடந்திருக்கவும் கூடும். மூன்று முறைகளில் எதை எடுப்பது என்பதை டிசைனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நூலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அதற்கு முதலில் கையில் இருப்பது என்ன நூல் என்று தெரிய வேண்டும். நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். லேபிள் தொலைந்த உருண்டை என்றால் விரல் நீளத் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். அசல் கம்பளி தலைமுடி கருகும் நாற்றத்தோடு மெதுவாக எரியும். மிஞ்சும் கரி விரலில் பொடியும். பருத்தி காகிதம் போலச் சட்டென்று பற்றி மெல்லிய சாம்பலாகும். அக்ரிலிக் உருகும், ஆறியதும் நசுக்க முடியாத கறுப்பு மணியாக இறுகிவிடும்.

கம்பளி: நனைப்பதே முதல் தேர்வு

கம்பளி இழை ஈரத்தில் தளர்ந்து கொடுக்கும், உலரும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் துளைவேலை கொண்ட லேஸ் சால்வைக்கு, நனைத்து, விரித்து, பின் (குண்டூசி) குத்துவதற்கு இணையான முறை இல்லை. அகலமான பாத்திரத்தில் சாதாரண வெப்பநிலைத் தண்ணீர் எடுத்து, கம்பளிக்கான திரவ சோப்பு சில துளி விட்டு, 20 முதல் 30 நிமிடம் ஊறவிட வேண்டும். கசக்கக் கூடாது, குழாயை நேரே திறந்துவிடவும் கூடாது. கோடையில் மொட்டைமாடித் தொட்டியின் மதியத் தண்ணீர் சுடும். அதில் நனைத்து உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசினால் இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி தடித்துச் சுருங்கும். அதைத் திருப்பிச் சரிசெய்ய வழியே கிடையாது. காலைத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வது நல்லது. துணி துவைக்கும் பவுடர் வேண்டவே வேண்டாம்: காரமும் என்ஸைமும் கம்பளி இழையைத் தின்னும்.

எடுக்கும்போது இரு கையாலும் அடியில் தாங்கி எடுங்கள். ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீரின் கனமே துணியை நீட்டிவிடும். பிழியாமல், உலர்ந்த துண்டில் வைத்துப் பாய் போலச் சுருட்டி மேலே அழுத்தினால் போதும். பிறகு ஃபோம் விரிப்பின் மேல் பரப்பி, அளவுநாடாவால் சரிபார்த்து, துருப்பிடிக்காத ஸ்டீல் குண்டூசிகளைக் குத்துங்கள். சாதாரணக் குண்டூசி ஈரத்தில் ஒரே இரவில் துருக்கறை விடும். வெளிர்நிற நூலில் அந்தக் கறை போகாது. மின்விசிறிக் காற்றில், நிழலில் உலர வேண்டும். தொட்டால் உலர்ந்தது போலிருக்கும்போதே ஊசியை எடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கைக்கு உலர்ந்ததுபோலவே இருக்கும். அதனால் மழைக்காலத்தில் இரண்டு நாள் விட்டுவைக்கத் தயங்க வேண்டாம்.

சூப்பர்வாஷ், அதாவது மெஷினில் துவைக்க ஏற்றபடி பதப்படுத்திய கம்பளி, என்று லேபிளில் இருந்தால் ஓர் எச்சரிக்கை. அந்த நூல் தடித்துச் சுருங்காது, ஆனால் நனைந்ததும் எதிர்பாராத அளவுக்கு நீளும். 10 செ.மீ. சதுர மாதிரி ஒன்றைப் பின்னி, நனைத்து, உலர்த்தி அளந்த பிறகே ஸ்வெட்டருக்குக் கண்ணி எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும்.

அக்ரிலிக்: ஆவி, ஆனால் எட்ட நின்று

நனைத்து உலர்த்தினால் அக்ரிலிக் கொஞ்சம் படியும், அடுத்த சலவையில் பழைய நிலைக்கே திரும்பும். இந்த இழை தண்ணீருக்கு மசியாது, வெப்பத்துக்குத்தான் மசியும். ஆகவே அளவு நிலைக்க வேண்டுமென்றால் ஆவிதான் வழி. தரையில் ஜமுக்காளத்தை நான்காக மடித்து, சாயம் ஒட்டாமலிருக்க மேலே வெள்ளைத் துணி விரித்து, பின்னிய துண்டை அதன் மேல் பின் குத்துங்கள். தெர்மக்கோல் பலகை கூடாது, ஆவியில் அது சுருங்கிவிடும். நீராவி அயர்ன்பாக்ஸைத் துணிக்கு 2 அல்லது 3 செ.மீ. மேலே பிடித்து, ஓரிடத்தில் சில விநாடிகளுக்கு மேல் நிற்காமல் நகர்த்துங்கள். முழுதும் ஆறிய பிறகே ஊசியை எடுக்க வேண்டும். சூட்டிலேயே எடுத்தால் செய்ததெல்லாம் வீண்.

அயர்ன்பாக்ஸ் ஒரு முறை தொட்டாலும், ஆவி அளவு மீறினாலும், இழையின் துள்ளல் செத்துவிடும். துணி தொளதொளவென்று, பளபளப்பாக, உயிரில்லாமல் தொங்கும். அது மீளவே மீளாது. தோளில் வழிந்து விழ வேண்டிய சால்வைக்காக வேண்டுமென்றே இப்படிச் செய்பவர்கள் உண்டு, அங்கே அது நியாயமான தேர்வு. ஸ்வெட்டரின் ரிப் பட்டையிலும் (இழுத்தால் நீண்டு சுருங்கும் ஓரப்பட்டை) தொப்பியின் விளிம்பிலும் ஆவி படவே விடாதீர்கள். அந்த இடத்தில் நமக்கு வேண்டியதே இழுவைதான். அக்ரிலிக் குழந்தைப் போர்வையைச் சதுரம் சதுரமாகப் பின்னாமல் ஒரே துண்டாகப் பின்னியிருந்தால் ஆவியே தேவையில்லை. துவைத்துப் பரப்பி உலர்த்தினால் போதும்.

எந்த நூலானாலும், ஒரு பக்கம் மழமழப்பாகவும் மறுபக்கம் மேடுமேடாகவும் வரும் ஸ்டாக்கினெட் பின்னலில் போட்ட மஃப்ளரின் ஓரச் சுருட்டல் பிளாக்கிங்கால் முழுதாகத் தீராது. இது பின்னலின் அமைப்பில் உள்ள விஷயம். ஓரத்தில் நாலைந்து கண்ணிக்கு, இரு பக்கமும் ஒரே மாதிரி வரும் கார்டர் பட்டை வைத்துப் பின்னுவதுதான் தீர்வு.

பருத்தி இவை இரண்டையும்விட முரடு. நனைக்கலாம், ஆவி காட்டலாம், ஈரத்துணி போட்டு இஸ்திரியே செய்யலாம். அதற்கு ஆகாதது ஒன்றுதான்: கொடியில் தொங்கவிடுவது. பருத்திக்கு மீளும் தன்மை குறைவு, நீண்டது நீண்டபடியே நிற்கும்.

தெளிப்பு முறை எங்கே வருகிறது? உலர்ந்த துணியையே பின் குத்தி, ஸ்ப்ரே பாட்டிலால் ஈரமாக்கி உலரவிடுவது இது. சாயம் போகும் என்று சந்தேகமுள்ள பலவண்ண வேலைக்கும், ஊறினால் உருக்குலையும் மென்மையான நூலுக்கும் பொருத்தம். நனைத்த வெள்ளைத் துணியைச் சிவப்பிலும் கருநீலத்திலும் அழுத்திப் பார்த்தால் சாயம் தெரிந்துவிடும். பருத்திச் சாயத்தை வினிகர் பிடித்துவைக்காது. அது கம்பளி, பட்டு போன்றவற்றின் அமிலச் சாயத்துக்கு மட்டுமே உதவும். தெளிப்பு மென்மையானது, அதனால் அதன் பலனும் குறைவு. லேஸின் துளைகள் விரிந்து திறக்க அது போதாது.

துண்டுகளை இணைப்பது

பிளாக்கிங் முடிந்த பிறகே இணைக்க வேண்டும். ஸ்வெட்டர் பக்கவாட்டுக்கு மேட்ரஸ் ஸ்டிச்சைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரு துண்டுகளையும் நல்ல பக்கம் மேலே தெரிய அருகருகே வைத்து, ஓரக் கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே ஓடும் குறுக்கு இழையை மாறி மாறி ஊசியில் எடுங்கள். நாலைந்து செ.மீ. ஆனதும் நூலை இழுத்தால் தையல் மறையும். துணியும் சேர்ந்து சுருங்கும் அளவுக்கு இழுத்துவிட்டால், தையலை இரு முனையிலும் பிடித்து நீட்டிச் சரிசெய்யலாம்.

குரோஷே கொக்கியால் ஸ்லிப் ஸ்டிச் (இழையை இழுத்துக் கோக்கும் தட்டைக் கண்ணி) போட்டு இணைப்பது வேகம், பிரிப்பதும் சுலபம். ஆனால் உள்ளே ஒரு தடிப்பு வரும். பைக்கு அது பலம், ஸ்வெட்டருக்கு உறுத்தல். இறுக்கமாக விழுந்து ஓரம் சுருங்கினால் 0.5 மி.மீ. பெரிய கொக்கி எடுங்கள்.

கிரானி ஸ்கொயர்களுக்குப் ஓரக் கண்ணியின் பின்பக்க இழையில் மட்டும் ஊசி விட்டுச் சுற்றித் தைத்தால் தட்டையாக அமரும். கொக்கியால் போடும் அடிப்படைக் கண்ணியான சிங்கிள் குரோஷேயால் இணைத்தால் வரம்பு போல மேடு எழும். கனமான போர்வையைத் தாங்க அது நல்லது. பின்னும்போதே இணைத்துக்கொண்டே போகும் முறையில் தையல் வேலை மிச்சம்தான், ஆனால் சதுரங்களை முன்னதாக ஒரே அளவுக்குக் கொண்டுவர வழியில்லை. ஒவ்வொரு சதுரமும் அரை செ.மீ. மாறினாலும் பத்தாவது வரிசையில் போர்வை கோணிவிடும். இழுவிசை இன்னும் சீராகாதவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

நூல் நுனிகளை மறைப்பது

15 செ.மீ. நுனி விட்டு வெட்டுங்கள். மழுங்கிய ஊசியால் ஒரு திசையில் கோத்து, திரும்பி, மீண்டும் ஒருமுறை திரும்பினால் நிற்கும். கம்பளி தானாகப் பற்றிக்கொள்ளும். பருத்தி வழுக்கும் என்பதால் ஊசியை இழையின் நடுவே பிளந்து செலுத்த வேண்டும். நுனியின் மேலேயே குரோஷே போட்டுக்கொண்டு போவது நேரத்தை மிச்சம் செய்யும், ஆனால் நேர்கோட்டில் கிடக்கும் நுனி சலவையில் உருவிக்கொண்டு வரும். கடைசி 4 செ.மீ. அளவையாவது ஊசியால் திருப்பிக் கோத்துவிடுங்கள். ஈரப்படுத்தி உள்ளங்கையில் தேய்த்து நூலோடு நூலை ஒட்டும் வித்தை சூப்பர்வாஷ் அல்லாத கம்பளிக்கு மட்டுமே பலிக்கும். நுனிகளைப் பிளாக்கிங்குக்கு முன்பே கோத்து, 2 செ.மீ. வெளியே விட்டுவைத்து, உலர்ந்த பிறகு வெட்டுங்கள். துணி விரியும்போது நுனி உள்ளே இழுபடும் என்பதால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மேசை விரிப்புக்கு விறைப்பு

பருத்தி டாய்லி (சிறிய பூவேலை விரிப்பு) பூப்போல நிற்க ஒரு கப் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவோ சோள மாவோ கரைத்து, கட்டியில்லாமல் கண்ணாடி போலாகும்வரை காய்ச்சிய கஞ்சி போதும். ஆறியதும் முக்கி, அழுத்தி வடித்து, பிளாஸ்டிக் தாள் மேல் பின் குத்துங்கள். சர்க்கரைப் பாகு கஞ்சியைவிட விறைப்பு தரும், ஆனால் எறும்பு வரும், ஈரக்காற்றில் பிசுபிசுக்கும். வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கலந்தால் கூடை, நட்சத்திரம் போன்ற அலங்காரப் பொருளுக்கு உறுதி கிடைக்கும். துவைக்க வேண்டிய விரிப்புக்கு அது கூடாது. கஞ்சி போட்டதை அப்படியே பீரோவில் மடித்து வைத்தால் கரப்பானும் வெள்ளிமீன் பூச்சியும் அரிக்கும். அலசி, உலர்த்தி வையுங்கள். விரிக்கும் நாளில் புதுக் கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.