எச்டிஎஃப்சி ஏஎம்சி, யுடிஐ ஏஎம்சி: உள்ளே இருப்பவர்கள் விற்றால் பயப்பட வேண்டுமா?

மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனப் பங்கு ஒன்று வாங்கலாம் என்று இறங்கியபோது கடைசியில் எச்டிஎஃப்சி ஏஎம்சியும் யுடிஐ ஏஎம்சியும் நின்றன. நான் வாங்கியது எச்டிஎஃப்சி. விலை அதிகம் என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

பி.இ. விகிதத்தில் (பங்கு விலை ஒரு பங்குக்கான லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) யுடிஐ மலிவு. நிர்வகிக்கும் தொகையோடு சந்தை மதிப்பை ஒப்பிட்டால் இன்னும் மலிவாகத் தெரியும். ஆனால் யுடிஐ குழுமம் கையாளும் தொகையில் பெரும்பகுதி வருங்கால வைப்பு நிதி போன்ற அமைப்புகளின் பணம். அதில் கட்டணம் மிகச் சொற்பம். எச்டிஎஃப்சியின் பலம் மேலாளரே பங்குகளைத் தேர்ந்து வாங்கும் ஆக்டிவ் பங்குத் திட்டங்கள், லாபம் வருவதும் அங்கிருந்துதான். ஒரு லட்சம் கோடிக்கு இரண்டு இடத்திலும் ஒரே விலை போட முடியாது.

என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது வேறு விஷயம்: யார் விற்கிறார்கள், ஏன் விற்கிறார்கள்.

ஃபண்ட் நிறுவனத்தில் உள்ளே இருப்பவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதது குறைவு. என்ஏவி (ஒரு யூனிட்டின் மதிப்பு) தினமும் வருகிறது, நிர்வகிக்கும் தொகையும் அவ்வப்போது வெளியாகிறது. கட்டண விகிதம், விநியோகஸ்தர் கமிஷன், சம்பளச் செலவு, பெரிய ஒப்பந்தம் நீடிக்குமா என்பது போன்றவைதான் மிச்சம். அதனால் அதிகாரிகளின் விற்பனையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி, ஒரு காலாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் பங்கு வாங்கினாலோ விற்றாலோ அவர்கள் இரண்டு வர்த்தக நாளுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தவற்றின் பட்டியலில் 'எந்த வழியில்' என்ற பத்தியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 'ஈசாப்' (ஊழியருக்கு நிறுவனம் தரும் பங்கு உரிமை) என்று ஒரு பதிவு, சில நாள் கழித்து அதே பெயரில் 'சந்தை விற்பனை'. ஈசாப்பைப் பங்காக மாற்றியதுமே வரி கட்ட வேண்டும், அதற்காக ஒரு பகுதியை விற்பது வழக்கம். காலாண்டு முடிந்ததும் வர்த்தக ஜன்னல் (இவர்கள் பங்கு வாங்க, விற்க அனுமதி உள்ள காலம்) மூடி, முடிவு வெளியாகி 48 மணி நேரம் கழித்தே திறப்பதால், எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பது போலவும் தெரியும்.

சந்தையில் சொந்தக் காசு போட்டு வாங்கினால் கதை வேறு. வாங்கியவர் ஆறு மாதத்துக்கு விற்க முடியாது. அந்த ஒரு பதிவு, பத்து விற்பனைப் பதிவுகளை விடப் பெரிது.

இந்த அளவுகோலில்தான் யுடிஐ எனக்கு இடித்தது. ஒரு ஃபண்ட் நிறுவனத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் இன்னொன்றிலும் அந்த அளவுக்கு வைத்திருக்கக் கூடாது என்று செபி 2018-இல் விதி கொண்டுவந்தது. யுடிஐயின் பெரிய பங்குதாரர்களான எல்ஐசி, ஸ்டேட் வங்கி, பேங்க் ஆஃப் பரோடா மூன்றுக்கும் சொந்த ஃபண்ட் நிறுவனம் உண்டு. அதனால் 2020-இல் 554 ரூபாய்க்கு வந்த யுடிஐயின் ஐபிஓவில் (முதல் பொதுப் பங்கு வெளியீடு) அவை விற்றே ஆக வேண்டியிருந்தது. அந்த விற்பனையை யுடிஐ மீதான அவநம்பிக்கையாகப் படிப்பது தவறு. ஆனால் நிறுவனத்தை நெருக்கமாக அறிந்த அந்த மூவரும் 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேயே நிற்கிறார்கள். பங்கு எவ்வளவு மலிவானாலும் அவர்கள் பெரிதாக வாங்க வழியில்லை. அங்கிருந்து விற்பனைச் செய்தி வரலாம், வாங்கும் செய்தி வருவது கடினம். மலிவு மலிவாகவே நீடிக்க இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எச்டிஎஃப்சியிலும் விற்பனை நடந்தது. 2018-இல் 1,100 ரூபாய்க்கு ஐபிஓ வந்தபின் ஸ்டாண்டர்ட் லைஃப், அதாவது பின்னர் ஏபிஆர்டிஎன் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், படிப்படியாக விற்று, 2023 ஜூனில் மீதமிருந்த 10.2 சதவீதத்தையும் கைமாற்றியது. வெளிநாட்டுப் புரமோட்டர் (நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பங்குதாரர்) ஓடுகிறார் என்று பயந்தவர்கள் உண்டு. எனக்கோ, எப்போது விற்பார்களோ என்று தலைக்கு மேல் தொங்கிய சுமை இறங்கியதாகப் பட்டது. அடுத்த மாதமே எச்டிஎஃப்சி லிமிடெட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டதன் வழியாக எச்டிஎஃப்சி வங்கி புரமோட்டரானது. பாதிக்கு மேல் பங்கு அதனிடம் இருக்கிறது.

என் தேர்வுக்கும் பலவீனம் உண்டு. திட்டம் பெருகப் பெருகக் கட்டண வரம்பு இறங்கும். 2019 ஏப்ரலில் வந்த அட்டவணையில் பங்குத் திட்டத்தின் முதல் 500 கோடிக்கு 2.25 சதவீதம், 50,000 கோடியைத் தாண்டிய பகுதிக்கு 1.05 தான் என்று இருந்தது. பெரிய திட்டங்கள் உள்ள நிறுவனத்துக்கு உயர்ந்த பி.இ. கொடுப்பவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அப்புறம், யுடிஐ பங்கை நான் வைத்திருந்ததில்லை. அதன் ஓய்வூதிய நிதித் தொழிலுக்கு என்ன மதிப்புப் போடலாம் என்பதை நெருங்கித் தெரிந்தவர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

யுடிஐயின் மூத்த அதிகாரி யாராவது சந்தை விலைக்குக் கணிசமாக வாங்கியதாக அந்தப் பட்டியலில் ஒரு பதிவு வந்தால், மறுபடி உட்கார்ந்து கணக்குப் போடுவேன்.