கொய்யா மரத்தில் பழ ஈப் பொறி: இரண்டு பருவப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு கொய்யா மரங்கள் நிற்கின்றன. சென்ற ஆண்டு அவை கிளை தாழக் காய்த்தும் ஒரு பழத்தைக்கூட நாங்கள் நிம்மதியாகத் தின்னவில்லை. வெளியே ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும். பிட்டுப் பார்த்தால் சதை கூழாகிக் கிடக்க, வெள்ளைப் புழுக்கள் உடலை வளைத்துத் துள்ளித் தட்டில் விழும். பழ ஈ தோலுக்கு அடியில் முட்டை வைத்துவிடுவதால் மேலே தெளிக்கும் வேப்பெண்ணெய் உள்ளிருக்கும் புழுவை எட்டுவதில்லை. குழந்தைகள் பறித்துத் தின்னும் பழத்தின்மேல் பூச்சிக்கொல்லி தெளிக்கவும் மனம் ஒப்பவில்லை.

ஆகவே உரக்கடையில், பழ ஈக்களை மணத்தால் இழுக்கும் ‘மெத்தில் யூஜினால்’ என்ற மருந்து வைத்த பொறிகள் இரண்டு வாங்கினேன். மஞ்சள் மூடியிட்ட பிளாஸ்டிக் டப்பா, பக்கங்களில் துளைகள், உள்ளே மருந்தில் ஊறிய பிளைவுட் துண்டு, தொங்கவிட ஒரு கம்பி, இவ்வளவுதான் பொறி. நிழலான கிளையில் ஐந்தடி உயரத்தில் கட்டிவிட்டுக் கை கழுவி வருவதற்குள் நாலைந்து ஈக்கள் மூடியைச் சுற்றத் தொடங்கிவிட்டன. ஒரு வாரத்தில் டப்பாவின் அடியில் செத்த ஈக்கள் இரண்டு விரற்கடை உயரத்துக்குச் சேர்ந்தன. ஆனாலும் பழங்களில் புழு குறையவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. துளசியிலும் உள்ள இந்த மணத்துக்கு ஆண் ஈக்கள் மட்டுமே வருகின்றன. முட்டையிடும் பெண் ஈ பொறிப் பக்கமே வராது. ஆண் ஈக்கள் அருகிப்போய்ப் பெண் ஈக்களுக்கு இணை கிடைக்காதபோதுதான் அடுத்த தலைமுறை குறையும் என்பதால், பழம் நிறம் மாறிய பிறகு மாட்டும் பொறி அந்தப் பருவத்துக்கு உதவுவதில்லை. இதைக் கடைக்காரரும் சொல்லவில்லை, அட்டையிலும் அச்சிடவில்லை. இந்தப் பருவத்தில் காய்கள் எலுமிச்சை அளவில் இருக்கும்போதே மாட்டினேன். உதிர்ந்த பழங்களை முன்போல எருக்குழியில் போடுவதையும் நிறுத்தினேன். பழத்திலிருந்து வெளியேறும் புழு மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி மீண்டும் ஈயாக எழும் என்பதால், அந்தக் குழியே அவற்றுக்குத் தொட்டிலாக இருந்திருக்கிறது. இப்போது அன்றாடம் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுகிறேன். பத்துப் பழங்களைப் பிட்டால் ஒன்றிரண்டில்தான் புழு இருக்கிறது.

குறைகளும் உண்டு. மூன்று மாதம் உழைக்கும் என்று அட்டை சொன்ன மருந்து எங்கள் வெயிலில் ஒன்றரை மாதத்திலேயே மணமிழந்தது. மாற்றுத் துண்டு தனியாகக் கிடைக்காததால் முழுப் பொறியையும் மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. துண்டில் பூச்சிக்கொல்லியும் கலந்திருப்பதால் கையுறையின்றித் தொடவே கூடாது. அதைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். பாகல், புடலைப் பந்தலைத் தாக்கும் பழ ஈக்கு இந்த மருந்து பயன்படாது, அதற்கான ‘கியூலூர்’ என்ற மண மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஈக்கு வேலி ஏது? பக்கத்து வீட்டு அக்காவிடமும் ஒரு பொறியைக் கொடுத்து, அவர்கள் சப்போட்டா மரத்தில் கட்டச் சொல்லியிருக்கிறேன்.