மூன்று வருடமாக ஒரே கோரிக்கை

புது புராஜெக்டுக்கு கோடை மாற்றும்போதெல்லாம் தானாக பில்டும் டெஸ்டும் ஓட்டுவதற்கு (சிஐ) நாங்கள் பயன்படுத்தும் ஆட்டோமேஷன் தளத்தையே எடுக்கலாமா என்று பழைய டீம் நண்பர் ஒருவர் கேட்டார். அதே வாரம் அந்தத் தளத்திலிருந்தும் ஒரு படிவம் வந்தது, அடுத்து என்ன வசதி வேண்டும் என்று. ஏஐ உதவியாளர் இருந்தது, புது டாஷ்போர்டு இருந்தது. மூன்று வருடமாக நான் கேட்பது மட்டும் இல்லை.

எதை, எந்த வரிசையில் ஓட்டுவது என்று சொல்லும் பைப்லைன் கோப்பில் ஒரு வரி மாற்றினால், அது ஓடுமா என்று பார்க்க கமிட் செய்து (மாற்றத்தை வரலாற்றில் பதிந்து), புஷ் செய்து (சர்வருக்கு அனுப்பி), காத்திருப்பதைத் தவிர வழியில்லை. போன வியாழக்கிழமை பைதான் பதிப்பை மாற்றினேன். மேற்கோள் குறி போடாமல் 3.10 என்று எழுதிவிட்டேன். அந்தக் கோப்பின் வடிவமான யாமல் அதை எண்ணாகப் படிக்கும், கடைசி சுழியம் போய் 3.1 ஆகிவிடும். பில்டெல்லாம் முடிந்து பதினோராவது நிமிடத்தில் வருகிற டெஸ்ட் ஜாபில், '3.1 கிடைக்கவில்லை' என்று சிவப்பு. திருத்தினேன். அடுத்த பதினோரு நிமிடம் கழித்து ஒரு ஃபோல்டர் பாதை தப்பு. அப்புறம் ஒரு சீக்ரெட்டின் (கடவுச்சொல் மாதிரி ரகசியமாக வைப்பது) பெயர் தப்பு. மொத்தம் ஏழு கமிட், ஏழிலும் 'சிஐ ஃபிக்ஸ்' என்றே செய்தி. ஆறு மாதம் கழித்து அந்த வரலாற்றைப் புரட்டுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இதே வேலைக்கு நாமே சர்வரில் நிறுவிக்கொள்ளும் ஜென்கின்ஸில் இதற்கு 'ரீப்ளே' உண்டு. முடிந்த பில்டைத் திறந்து, ஸ்கிரிப்டை அங்கேயே திருத்தி, கமிட் இல்லாமல் ஓட்டலாம். இதே மாதிரித் தளமான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்கு 'ஆக்ட்' என்ற திறமூலக் கருவி, டாக்கர் (நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்) வழியாக நம் மெஷினிலேயே ஓட்டிக் காட்டுகிறது. ஆக, முடியாத காரியம் இல்லை.

மற்றபடி குறை சொல்ல மனம் வரவில்லை. ஜாபை ஓட்டும் தற்காலிக மெஷினான ரன்னர் சில நொடிகளில் எழுந்துவிடும், முன்பு இறக்கியதைச் சேமித்து வைக்கும் கேஷ் ஒழுங்காக வேலை செய்யும். ஜென்கின்ஸ் சர்வரையும் பிளகின்களையும் ராத்திரியில் உட்கார்ந்து அப்டேட் செய்த காலத்தை நினைத்தால் இது பெரிய நிம்மதி.

படிவத்தின் 'வேறு' பெட்டியில் விரிவாக எழுதினேன். தோல்வியடைந்த ஸ்டெப்பிலிருந்து, திருத்திய கோப்போடு, கமிட் இல்லாமல் ஓட்ட விடுங்கள். ஜாப் முடிந்ததும் ரன்னரை அழித்துவிடுகிறீர்கள், அதனால் தோல்வியடைந்த ஜாபின் டிஸ்க்கை ஒரு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் தருகிறோம். யாரும் ரிவ்யூ செய்யாத ஸ்கிரிப்ட், நிஜப் பயன்பாட்டுக்கான புரொடக்‌ஷன் சீக்ரெட்டுகளைப் படித்துவிடும் என்ற பயமும் நியாயம்தான். சரி, இப்படிக் கமிட் இல்லாத வரைவு ஓட்டத்துக்கு டெஸ்ட் சீக்ரெட்டுகளை மட்டும் கொடுங்கள்.

நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். போன புதன்கிழமை கேட்டிருந்தால் எடுங்கள் என்றிருப்பேன்.