மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆணி

இந்தமுறை நங்கநல்லூர் வீட்டில் 18 நாள் இருந்தேன். விமானம், வங்கி வேலை, பத்திர நகல் எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தன. மனதை விட்டுப் போகாமல் இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டுதான்.

வந்த மறுநாள் காலை, மாடியில் குடியிருப்பவர் இறங்கி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சார், கரண்டுக்கு யூனிட் 9 ரூபாய் குடுத்துட்டிருக்கோம். அடுத்த பில்லுலேர்ந்து 10னு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா 9-லேயே இருக்கும்" என்றார். எனக்கு முதலில் புரியவே இல்லை. மாடிக்குத் தனி மீட்டர், தனி கனெக்‌ஷன். வருகிற பில்லைக் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே?

அவர் நோட்டை நீட்டினார். மூலை மடங்கிய பழுப்பு அட்டை. உள்ளே நீல மையில் கோடு போட்டு, தேதி, பழைய ரீடிங், புது ரீடிங், யூனிட், பெருக்கல் 9, தொகை. ஒவ்வொரு வரி ஓரத்திலும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் கையெழுத்து. மூன்று வருடம், 18 வரி. அதில் ஒன்று: 204 யூனிட், 1,836 ரூபாய்.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-லிருந்து எல்லா வீட்டுக்கும் உண்டு. அடுத்த நூறுக்கும் மானியம் இருக்கிறது. 204 யூனிட்டுக்கு மின்வாரியம் கேட்பது 300 ரூபாயைக்கூடத் தொடாது. அரசாங்கம் சும்மா கொடுத்ததை நாங்கள் அவருக்கு விலைக்கு விற்றிருக்கிறோம்.

நாங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா போனபிறகு அம்மா என்னோடு லண்டன் வந்துவிட்டார். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர்தான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அவர் மாதாமாதம் அனுப்பும் கணக்கில், வாடகைக்குக் கீழே "இதர வரவு" என்று சில மாதங்களில் ஒரு வரி இருக்கும். அது என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. போன் செய்தேன். "தம்பி, இந்த ஏரியாவுல எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க. நான் ஒரு பைசா எடுக்கல" என்றார். உண்மை. எடுத்தது நான்.

இது என்னை இவ்வளவு உறுத்தக் காரணம், லண்டனில் நானே வாடகைக்குத்தான் இருக்கிறேன். கரண்ட் பில் என் பெயரில் வருகிறது. கேஸ் இணைப்பை வருடத்துக்கு ஒருமுறை சோதித்து, சான்றிதழை எனக்குத் தர வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. இப்போதைய வீட்டுக்கு ஐந்து வார வாடகைதான் டெபாசிட். 2019-ல் வந்த சட்டம் பொதுவாக அதற்கு மேல் வாங்க விடுவதில்லை. அந்தப் பணத்தையும் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டத்தில் வைத்து எனக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு வாரம் தாமதமானதற்கு நான் காரசாரமாக மெயில் எழுதியிருக்கிறேன். அதே நான் இங்கே பத்து மாத அட்வான்ஸை வாங்கி என் கணக்கில் போட்டுவிட்டு மறந்துபோயிருக்கிறேன்.

தமிழ்நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். பைப் மாற்றுவது, வயரிங், வெள்ளையடிப்பது எல்லாம் வீட்டுக்காரர் தலையில். எங்கள் பத்திரத்தில் "பத்து மாதம்" என்று எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சின்ன வயதில் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். ஆறு குடும்பத்துக்கு ஒரே மீட்டர். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் மெயினை அணைத்துவிடுவார். பரீட்சைக்குச் சிம்னி விளக்கில் படித்திருக்கிறேன். அப்பா நங்கநல்லூரில் மாடி கட்டியபோது, பூச்சு வேலை முடிவதற்குள் தனி மீட்டருக்கு எழுதிப்போட்டார். மின்வாரியக்காரர் ரீடிங் குறித்துவிட்டுப் போகும் மாடி வீட்டு வெள்ளை அட்டையை மாடிப்படிக்குக் கீழே ஆணியில் மாட்டி வைப்பார். குடியிருப்பவரே பார்த்து, அவரே வரிசையில் நின்று கட்டிவிட்டு வருவார்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "அட்டை ஆணியில இல்லையா?" என்று மட்டும் கேட்டார். ஆணி இருந்தது. அட்டை, பார்த்துக்கொள்பவரின் ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தது.

அட்டையையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சாயங்காலம் முழுக்கக் கூட்டினேன். அதிகமாக வாங்கியது 26,340 ரூபாய். அவர் கையில் வாங்க மறுத்தார், "வாடகையில கழிச்சுக்கலாம் சார்" என்றார். கழித்தால் அது ஏதோ சலுகை மாதிரி ஆகிவிடும் என்று வங்கியில் போட்டேன். அப்போது அவர் மனைவி வாசல்படியில் நின்றபடி சொன்னார்: "அண்ணா, போன மே மாசம் மத்தியானமெல்லாம் ஃபேனை நிறுத்திட்டு, பிள்ளைய வராந்தாவுல படுக்க வச்சிருந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வாடகை கொடுப்பவர் அதில் 30 சதவீதமும், அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். இந்த விஷயம் அவருக்குத் தெரியாது, நானும் சொன்னதில்லை. கட்டாமல் விட்டால் நோட்டீஸ் அவருக்குத்தான் போகும். ஆடிட்டரிடம் கொடுத்திருக்கிறேன், செலவு என்னுடையது.

புது ஒப்பந்தம் மூன்று மாத அட்வான்ஸுக்குப் போட்டு, பதிவுக்கும் கொடுத்தாயிற்று. மீதி ஏழு மாதப் பணத்தில் பாதியைத் தந்துவிட்டேன், பாதி அடுத்த மாதம் போகும். கிளம்புவதற்கு முந்தின நாள் ரீடிங் எடுக்க வந்தார்கள். அட்டை ஆணியில் தொங்கியது. மாடியிலிருந்து அவரே இறங்கி வந்து எடுத்துக் கொடுத்தார்.