வால்டன் குளம்: நீந்தப் போகிறவனின் குறிப்புகள்

பாஸ்டன் பக்கம் குடிவந்த முதல் கோடையிலிருந்து வால்டன் குளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 முதல் 1847 வரை குடிசை போட்டுத் தங்கிய இடம் என்பதால் பார்க்க வருகிறவர்கள் அதிகம். அவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். நான் சொல்ல வருவது, இதைத் தன் ஊர்க் குளமாக வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு.

முதலில் தண்ணீர். காட்டுக்கு நடுவே 60 ஏக்கருக்குச் சற்று மேல் பரப்பு, ஆழமான இடத்தில் 100 அடியைத் தாண்டும். பனியுகம் முடிந்தபோது மண்ணில் புதைந்து கிடந்த பெரிய பனிக்கட்டி உருகி, அந்தப் பள்ளம் குளமானது. ஓடை எதுவும் உள்ளே வருவதில்லை, வெளியே போவதுமில்லை. நிலத்தடி நீர்தான் வரத்து. ஆகவே வண்டல் வந்து சேர்வதில்லை, மார்பளவு நீரில் நின்றாலும் கால்விரல் தெரியும். பல வருடம் போனால்தான் புரியும் விஷயம் ஒன்றும் உண்டு: நிலத்தடி நீர்மட்டத்தோடு கரையும் மாறும். நல்ல மழை பெய்த ஆண்டுகளுக்குப் பின் மணற்பரப்பு குறுகி, துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். வறண்ட காலத்தில் அதே கரை அகலமாகக் கிடக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் சனி ஞாயிறுகளில் பகலில் கிளம்பிப் போகாதீர்கள். பார்க்கிங் நிறைந்ததும் வாசலை மூடிவிடுவார்கள், சாலையோரமும் நிறுத்த முடியாது. மாசசூசெட்ஸ் வண்டிக்கு 8 டாலர், வெளிமாநில வண்டிக்கு 30. வாடகைக் காரில் வருகிற விருந்தாளிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் போவது விடிந்த கையோடு, இல்லையென்றால் செப்டம்பரில். பள்ளி திறந்து கூட்டம் போயிருக்கும், தண்ணீரில் மட்டும் கோடையின் சூடு மிச்சமிருக்கும். ஜூன் தொடக்கத்தில் இறங்கினால் பல் கிட்டும்.

குழந்தைகளுக்குப் பெரிய கரையில் கயிறு கட்டிய பகுதி நல்லது. அதைத் தாண்டினால் ஆழம் சட்டென்று கூடும். 2021 கோடையில் மாநிலத்தில் பலர் நீரில் மூழ்கி இறந்ததை அடுத்துக் கயிற்றுக்கு வெளியே நீந்தத் தடை போட்டார்கள். நீச்சல்காரர்கள் போட்ட சத்தத்தில் சில நாட்களிலேயே தளர்த்தினார்கள். நான் இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவை இல்லாமல் அக்கரைக்குக் கிளம்புவதில்லை.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. கோடையில் இந்தக் குளத்தில் சேரும் பாஸ்பரசில் பாதிக்கு மேல் நீந்துகிறவர்களின் சிறுநீரிலிருந்து வருவதாக இருக்கலாம் என்று 2018இல் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று சொல்கிறது. பாஸ்பரஸ் கூடினால் பாசி கூடும், பாசி கூடினால் தெளிவு போச்சு. வெளியேறும் வழியில்லாத தண்ணீர் இது. எனவே பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்பிவிட்டு இறக்குங்கள். பெரியவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

விதிகள் நிறைய. நாய் கூடாது, மது கூடாது, கிரில் கூடாது, காற்றடைத்த மிதவைப் படுக்கை கூடாது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. ஞாயிறு மதியக் கூட்டத்தைப் பார்த்த பிறகு, இன்னும் நாலு விதி போட்டாலும் சரி என்று தோன்றியது. குளத்தைச் சுற்றும் பாதையின் இருபுறமும் இருக்கும் கம்பிவேலியையும் அப்படித்தான் பொறுத்துக்கொண்டேன். ஆள் நடமாட்டத்தில் சரிவு மண் கரையாமல் இருக்க அது வேண்டும். அந்தப் பாதையில்தான் 1945இல் கண்டுபிடிக்கப்பட்ட குடிசையின் இடம் இருக்கிறது. மாதிரிக் குடிசை பார்க்கிங் அருகில். மேற்கு முனையை ஒட்டி ரயில் போகும். நிசப்தம் தேடி வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் தோரோ குடிவருவதற்கு முன்பே ரயில் வந்துவிட்டது.

திருவல்லிக்கேணிக்காரனான எனக்கு இங்கே தனி ஒட்டுதல் வந்ததற்குக் காரணம் ஐஸ். 1846-47 குளிர்காலத்தில், கப்பலில் ஐஸ் ஏற்றுமதி செய்த பாஸ்டன் வியாபாரி ஃப்ரெடரிக் ட்யூடரின் ஆட்கள் இந்தக் குளத்தில் ஐஸ் வெட்டினார்கள். கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் நம் ஐஸ் ஹவுஸை 1842இல் கட்டியவர் அதே ட்யூடர்தான். இந்தக் குளத்தையே தன் கிணறாகச் சொல்லி, மதராஸ்காரர்களும் அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகிறார்கள் என்று தோரோ எழுதி வைத்தார். அம்மா வந்திருந்தபோது இதைச் சொன்னேன். "இங்கேர்ந்தா நம்ம ஐஸ் அவுஸுக்கு?" என்று ஆச்சரியப்பட்டுக் காலை நனைத்தாள். மே மாதம். "போதும்டா, ஐஸாவே இருக்கு" என்று உடனே கரையேறிவிட்டாள்.

கார் இல்லாதவர்கள் பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ஃபிட்ச்பர்க் ரயில் ஏறிக் கான்கார்டில் இறங்கி, சுமார் ஒன்றரை மைல் நடக்கலாம். தயிர் சாதம் கட்டிக்கொண்டு போங்கள், குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். காட்டுப் பாதையில் நடந்தால், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உண்ணி கடித்து வரும் லைம் நோய் இந்தப் பக்கம் உண்டு.