ஹுவான் சோட்டோ: ஆளுக்கு ஆளா, காசுக்கு ஆளா?

ஒரே பேஸ்பால் வீரர். நியூயார்க்கின் இரண்டு அணிகளும், யாங்கீஸும் மெட்ஸும், ஒரு வருட இடைவெளியில் அவரை வாங்கின. யார் வாங்கியது நல்ல பேரம்?

2023 டிசம்பரில் யாங்கீஸ் செய்தது டிரேடு, அதாவது ஆளுக்கு ஆள் மாற்று. மைக்கேல் கிங் உட்பட நான்கு பிட்சர்களும் (பந்து வீசுபவர்கள்) ஒரு கேட்சரும் (அதைப் பிடிப்பவர்) சான் டியேகோ அணிக்குப் போக, சோட்டோவும் டிரென்ட் கிரிஷமும் வந்தார்கள். சோட்டோவின் ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரே சீசன், சம்பளம் 3.1 கோடி டாலர். அந்த ஒரு சீசனில் 41 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, பந்து எல்லை தாண்டும் அடி). கிளீவ்லாந்தில் அமெரிக்க லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், 2-2 என்று சமநிலை: வந்த பந்தையெல்லாம் ஃபவுலாக (கோட்டுக்கு வெளியே) தட்டித் தட்டி, கடைசியில் ஒன்றைத் தூக்கி மூன்று ரன் ஹோம் ரன். கோப்பைக்கான உலகத் தொடரில் டாட்ஜர்ஸ் அணியிடம் யாங்கீஸ் தோற்றது வேறு கதை. ஆனால் சான் டியேகோ ஏமாறவில்லை. வந்தவர்களில் டுரூ தார்ப்பைச் சேர்த்துக் கொடுத்தே பிட்சர் டிலன் சீஸை வாங்கியது.

2024 டிசம்பரில் மெட்ஸ் கொடுத்தது வெறும் பணம்: 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர். ஆடம்பர வரிக் கணக்கில் (அணியின் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் கட்டும் வரி) வருடம் 5.1 கோடி ஏறும். 2025 வரம்பே 24.1 கோடிதான். யாங்கீஸின் குவாலிஃபையிங் ஆஃபரை (ஒப்பந்தம் முடிந்தவருக்குப் பழைய அணி தரும் ஓராண்டு அழைப்பு) அவர் மறுத்திருந்ததால், மெட்ஸுக்கு டிராஃப்டில், அதாவது புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில், இரண்டு வாய்ப்புகளும் போயின. ஐந்தாண்டு முடிந்ததும் சோட்டோ விலகலாம். அதைத் தடுக்க, மெட்ஸ் மீதிப் பத்தாண்டுக்கும் வருடம் 40 லட்சம் கூட்டித் தர வேண்டும்.

2025இல் சோட்டோ 43 ஹோம் ரன் அடித்தும் மெட்ஸ் பிளேஆஃபுக்கு, அதாவது நாக் அவுட் சுற்றுக்கு, போகவில்லை. இருந்தாலும், ஒப்பந்தம் போடும்போது சோட்டோவுக்கு 26 வயதே என்பதால் என் ஓட்டு மெட்ஸுக்குத்தான். முப்பதைத் தாண்டியவர் என்றால் டிரேடே மேல்.